வேலை நேரம் முடிந்த பிறகு நடந்ததற்கு முறைப்பாடு போட்டோம்: ஒரு பிரதேச சபையின் சேவை பற்றி

வன்னியில் ஒரு பிரதேச சபையின் முறைப்பாட்டுச் சேவையைத் தொடக்கம் முதல் முடிவுவரை பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மதிப்பெண்ணை முதலே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, கடிதம் எடுக்கிற மேசையில் இருந்த ஒரு பிள்ளைக்கு. மற்றது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு. சபை தானாகச் செய்தது என்று கொடுக்க என்னிடம் புள்ளி இல்லை.

சபையின் பெயரைச் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் கடை தெரியும், கடை தெரிந்தால் என் தங்கச்சியைத் தெரியும். ஏ9 வீதியில் இருந்து உள்ளே போகிற ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிநொச்சியில் கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா மன்னார்ப் பக்கம் இன்னும் பல சபைகள் இருக்கின்றன. எந்தச் சபை எல்லைக்குள் இருப்பவரும் தங்கள் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நடந்தது இதுதான். தங்கச்சி ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். தேத்தண்ணி, ரீலோட், பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில், அவ்வளவுதான். சபையில் இருந்து கடைகளின் லைசன்ஸ் பார்க்க வருகிற உத்தியோகத்தர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேரோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். நன்றாகக் குடித்திருந்தார். சோடாவும் சிகரெட்டும் எடுத்துக்கொண்டு கடன் கொப்பியில் எழுதச் சொன்னார். பழைய கணக்கே தீரவில்லை, அதை முதலில் தாருங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவர் ஒன்றும் கத்தவில்லை. சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் பொலித்தீன் உறையில் போட்டுத் தொங்கவிட்டிருந்த வியாபார அனுமதிப்பத்திரத்தை ஆணியில் இருந்து கழற்றினார், மேசையில் குப்புற வைத்தார், "இது வாற ஜனவரி எப்பிடித் தொங்குது எண்டு பாப்பம்" என்று சொல்லிவிட்டு எடுத்த சாமான்களோடு போய்விட்டார். அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. அதற்குக் கடை பார்க்க வரப்போகிறவரும் அவர்தான்.

இதில் என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் தன் காசில் குடிப்பது அவர் விஷயம். அவர் யாரோடு போகிறார், எந்தக் கட்சிக்காரர், வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் சபைக்கும் தேவையில்லை, எனக்கும் தேவையில்லை. குடித்துவிட்டுக் கடன் கேட்டு வாக்குவாதப்பட்டதோடு நின்றிருந்தால் நானே அவர் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களோடு கதைத்து முடித்திருப்பேன். அவர் கை வைத்தது அனுமதிப்பத்திரத்தில். திங்கட்கிழமை கந்தோரில் தனக்கு இருக்கிற அதிகாரத்தை ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். அந்த நேரத்தில் அவர் லீவில் இருந்தார் என்பதால் அந்த அதிகாரம் லீவில் இருக்கவில்லை. தங்கச்சிக்கு அது நன்றாகவே தெரிந்தது, அதனால்தான் எடுத்த சாமானுக்குக் காசு கேட்கக்கூட வாய் வரவில்லை அவளுக்கு.

சரி, சபைக்குப் போனோம். முதல் கிடைத்த பதில் இது: "அண்ணை, அது அவர் ட்யூட்டியில இல்லாத நேரம். சபைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பொலிசில ஒரு என்ட்ரி போடுங்கோ." சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார், கதிரை தந்து இருத்தித்தான் சொன்னார். ஆனால் சொன்னது பிழை. இந்தப் பதிலை நம்பித் திரும்பிப் போன சனம் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்பவும் கோபம் வருகிறது.

அரச உத்தியோகத்தர்களின் நடத்தையைப் பற்றிச் சொல்வது தாபன விதிக்கோவை. அதன் இரண்டாம் தொகுதியில் 47ஆம் அத்தியாயம் பொது நடத்தை, 48ஆம் அத்தியாயம் ஒழுக்காற்று நடைமுறை. உத்தியோகத்தர் தன் சொந்த நலனைப் பொதுக் கடமையோடு மோதவிடக் கூடாது, தன் பதவிக்கு இழுக்கு வருகிற எதையும் செய்யக் கூடாது, அப்படி ஒரு தோற்றம்கூட வராதபடி எப்போதும் நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். காலை எட்டரையில் இருந்து நாலேகால் வரைக்கும் என்று அங்கே நேரம் போட்டிருக்கவில்லை. எப்போதும் என்றால் ஞாயிற்றுக்கிழமையும்தான், சந்தியில் நிற்கிறபோதும்தான். மாகாணத்தின் கீழ் வேலை செய்கிற சபை ஊழியர்களுக்கும் நடைமுறையில் இந்தக் கோவையைத்தான் எடுக்கிறார்கள். கோவை சபையின் அலுமாரியிலேயே இருந்தது, முதுகில் பெயர் எழுதி. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பொலிசுக்குப் போகச் சொன்னதிலும் ஒரு விளக்கம் தேவை. பொலிஸ் ஒரு பாதை, ஒழுக்காற்று இன்னொரு பாதை. பொலிசில் போட்டால் பெரும்பாலும் "சமாதானமாப் போங்கோ" என்று வரும், அல்லது மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்கள். மத்தியஸ்த சபையை நான் குறை சொல்லவில்லை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது, காசு கொடுக்கல் வாங்கல் சண்டைகளை எத்தனையோ தீர்த்து வைக்கிறார்கள். சோடாக் காசை அங்கே தீர்க்கலாம். லைசன்ஸைக் கழற்றி வைத்து மிரட்டியதை அங்கே எப்படித் தீர்ப்பது? அது அந்த உத்தியோகத்தரின் கடமையைப் பற்றிய கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவரை வேலைக்கு வைத்திருக்கிற இடம். ஒன்றில் போனதால் மற்றதில் போக முடியாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அடுத்த சிக்கல், யாருக்கு எழுதுவது. எங்கள் சனத்துக்குச் சபையும் ஒன்றுதான், பிரதேச செயலகமும் ஒன்றுதான், இரண்டையும் "கந்தோர்" என்றே சொல்லுவோம். ஆனால் விதானையார், அதாவது கிராம அலுவலர், பிரதேச செயலகத்தின் கீழ், அது மத்திய அரசு. வாத்தியார் மாகாணக் கல்வித் திணைக்களம், தேசியப் பாடசாலை என்றால் மறுபடி மத்திய அரசு. பிரதேச சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது, அதன் நிரந்தர ஊழியர்களின் நியமனமும் ஒழுக்கமும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கையிலும், அந்த ஆணைக்குழு அதிகாரம் ஒப்படைத்திருக்கிற அதிகாரிகளின் கையிலும் இருக்கிறது. ஆகவே சபை ஊழியரைப் பற்றி என்றால் கடிதம் சபையின் செயலாளருக்கு, பிரதி மாவட்ட உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு. இதை ஒரு துண்டில் எழுதி வாசலில் ஒட்டிவிட்டால் போதும். எங்கள் சபையின் வாசலில் சோலைவரி கட்டச் சொல்லி ஒட்டியிருக்கிறது, பௌசரில் தண்ணீர் எடுக்கக் கட்டணம் எவ்வளவு என்று ஒட்டியிருக்கிறது, மண்டப வாடகை ஒட்டியிருக்கிறது. முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று மட்டும் எங்கும் இல்லை.

இனி அந்த ஒரு புள்ளி. கடிதத்தை எழுதிக்கொண்டு மறுபடி போனபோது, கடிதம் எடுக்கிற மேசையில் வயது குறைந்த ஒரு முகாமைத்துவ உதவியாளர் இருந்தார். "அக்கா, பிரதி வைச்சிருக்கிறியளோ?" என்று தங்கச்சியிடம் கேட்டார். இல்லை என்றதும் தானே எழுந்துபோய்ப் போட்டோக்கொப்பி எடுத்து வந்தார். திகதி முத்திரை காய்ந்து போயிருந்தது, குத்தினால் பாதிதான் விழுந்தது. அதை அப்படியே விடாமல், மங்கலாக விழுந்த திகதிக்கு மேலே பேனையால் தெளிவாக எழுதி, கடிதப் பதிவேட்டின் இலக்கத்தையும் போட்டு, கையெழுத்து வைத்து, "இதைத் துலைச்சுப் போடாதேங்கோ அக்கா" என்று சொல்லிக் கையில் தந்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் வாசிக்கவில்லை, யாரைப் பற்றி என்றும் கேட்கவில்லை. பின்னால் நடந்த ஒவ்வொன்றும் அந்த இலக்கத்தால்தான் நடந்தது. அது இல்லாவிட்டால் அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று முடித்திருப்பார்கள் என்பது எனக்கு உறுதி.

அப்புறம் மோசமான பகுதி. கடிதம் கொடுத்த அன்று இரவே அந்த உத்தியோகத்தர் தங்கச்சிக்குப் போன் எடுத்தார். கடிதத்தில் இருந்த வசனங்களைத் திருப்பிச் சொன்னார். யார் எழுதித் தந்தது என்று கேட்டார். மிரட்டவில்லை, "ஏன் தங்கச்சி இதுக்கெல்லாம் போறியள், பக்கத்தில பக்கத்தில இருக்கிற நாங்கள்" என்று இனிமையாகத்தான் கதைத்தார். அவருக்குக் கடிதம் எப்படிக் கிடைத்தது? தங்கச்சியின் நம்பர் எப்படிக் கிடைத்தது? நம்பர் அவள் லைசன்ஸுக்குப் போட்ட விண்ணப்பத்தில் இருக்கிறது. வேறெங்கும் அவள் அவருக்குக் கொடுத்ததில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வன்னியில் 2009க்குப் பிறகு எத்தனை பெண்கள் தனியாக வீட்டைக் கொண்டுபோகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டுத்திட்டம், காணி அனுமதி, சமுர்த்தி, பின்னர் அஸ்வெசும, கிணறு, மலசலகூடம், சுயதொழில் உதவி, எதற்குப் போனாலும் ஒரு படிவம், எல்லாப் படிவத்திலும் ஒரு தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு இரவு எட்டு மணிக்குப் பிறகு அழைப்பு வந்த கதைகள் எங்கள் ஊர்ப் பெண்களிடம் இருக்கின்றன. வெளியில் சொல்லமாட்டார்கள், மாமியிடமும் சொல்லமாட்டார்கள், தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வார்கள். கடமை நேரம் முடிந்துவிட்டது, சொந்தப் போனில் எடுத்தார், அது அவர் தனிப்பட்ட விஷயம் என்று எந்தக் கந்தோராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்ட வடிவத்தில், அதிகாரத்தில் உள்ள ஒருவர் சொல்லாலோ செயலாலோ விருப்பமில்லாத பாலியல் அணுகலைச் செய்வதைப் பாலியல் தொந்தரவு என்கிறது. வேலைத்தலத்தில் மட்டும் என்று இல்லை, வேறு எந்த இடத்திலும் என்று சேர்த்தே சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996, வவுனியாவில் அதற்குப் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. தங்கச்சிக்கு வந்த அழைப்பு அந்த வகை இல்லை. ஆனால் விண்ணப்பத்தில் இருந்த நம்பர் ஒருவரின் சொந்தப் போனுக்குப் போகிற வழி இரண்டிலும் ஒன்றுதான். அந்த வழியை அடைக்காத சபை எந்தப் பெண்ணையும் பாதுகாக்கவில்லை.

இரகசியம் காப்பதில் இந்தச் சேவைக்கு என் புள்ளி பூச்சியம். முறைப்பாடு உரிய அதிகாரிக்குப் போகும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவரின் கையில் போய்விட்டது. அவருக்குப் பதில் சொல்லும் உரிமை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது விசாரணை அதிகாரி கேட்கும்போது எழுத்தில் சொல்வதற்கு. இரவில் முறைப்பாட்டாளருக்குப் போன் எடுப்பதற்கு இல்லை.

பிறகு ஒரே அமைதி. போய்க் கேட்டால் "மேல அனுப்பியிருக்கு" என்பார்கள், மேலே கேட்டால் "சபையில இருந்து அறிக்கை வரேல்லை" என்பார்கள். வெயிலில் ஒரு கந்தோரில் இருந்து மற்றக் கந்தோருக்குப் பஸ் ஏறுவது கடை வைத்திருக்கிற ஒருத்திக்கு ஒரு நாள் வருமானம் போகிற விஷயம். கடையைப் பூட்டிவிட்டு வந்து வாங்கில் இருந்தால், செயலாளர் கூட்டத்துக்குப் போய்விட்டார். இதைத்தான் பலர் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன், சனம் களைத்துப்போய் விட்டுவிடும் என்று.

அப்போதுதான் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் போட்டோம். இதை இன்னும் எங்கள் பக்கத்தில் பலர் பத்திரிகைக்காரருக்கும் சட்டத்தரணிக்கும் உரியது என்று நினைக்கிறார்கள். எந்தப் பிரஜையும் போடலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதி எடுக்க வேண்டும். கொடுத்தவுடன் ஏற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவர் மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதிலும் திருப்தியில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

முதல் விண்ணப்பத்துக்கு மறுப்புத்தான் வந்தது. "கோரப்பட்ட விபரம் உத்தியோகத்தர் ஒருவரின் தனிப்பட்ட தகவல்" என்று. சட்டத்தின் 5ஆம் பிரிவில் தனிப்பட்ட தகவலுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது பொது நடவடிக்கையோடும் பொது நலனோடும் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலுக்கு. வெளியிடுவதால் வரும் பொது நலன் பெரிதென்றால் விலக்கு நிற்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மேன்முறையீட்டில் அதை எழுதினோம். கூடவே கேள்வியையும் வேறு மாதிரிக் கேட்டோம். அந்த மனிதரின் கோவை எங்களுக்கு வேண்டாம். இன்ன திகதியில் இன்ன பதிவிலக்கத்தில் ஏற்ற கடிதம் எந்தத் திகதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, அதன் மேல் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையின் திகதி என்ன, ஊழியருக்கு எதிரான முறைப்பாடுகளைக் கையாள சபை வைத்திருக்கிற நடைமுறையின் பிரதி ஒன்று, அவ்வளவுதான். இதில் தனிப்பட்டது ஒன்றும் இல்லை. பதில் வந்தது. கடிதம் மேலே அனுப்பப்பட்ட திகதியைப் பார்த்தால், எங்கள் விண்ணப்பம் கிடைத்த அதே கிழமை. அதுவரை மேசையில்தான் கிடந்திருக்கிறது. நடைமுறைப் பிரதி என்ற கேள்விக்கு "அவ்வாறான ஆவணம் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். உண்மையை எழுதினார்கள், அதை மதிக்கிறேன். ஆனால் ஒரு சபையில் கடைக்காரர் செய்ய வேண்டியதற்கெல்லாம் நடைமுறை இருந்து, ஊழியர் செய்யக் கூடாததற்கு நடைமுறை இல்லை என்றால் அந்தச் சபை யாருக்காக நடக்கிறது?

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெளியில் இருந்து ஒரு அதிகாரி வந்து ஆரம்ப விசாரணை செய்தார். வாக்குமூலம் எடுத்த விதத்தில் குறையில்லை, தங்கச்சி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டி, திருத்தம் கேட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். ஆனால் காத்திருக்க வைத்தது ஒரே விறாந்தையில், ஒரே வாங்கில், அந்த உத்தியோகத்தரும் அவரோடு வந்தவர்களும் ஒரு முனையில், இவள் மறு முனையில். நான் நடுவில் போய் இருந்தேன். வேறு நேரம் கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை?

முடிவு என்ன என்று கேட்பீர்கள். அவர் இப்போது வேறு சபையில் இருக்கிறார். "சேவையின் தேவை கருதி" இடமாற்றம். ஒழுக்காற்று நடைமுறையின்படி ஆரம்ப விசாரணையில் காரணம் இருப்பதாகத் தெரிந்தால் குற்றப்பத்திரிகை, அவரின் எழுத்துமூலப் பதில், முறையான விசாரணை, அதில் அவருக்காகப் பேச ஒரு உத்தியோகத்தர், பிறகு கட்டளை என்று போக வேண்டும். எச்சரிக்கையில் இருந்து சம்பள ஏற்றத்தை நிறுத்துவது, வேலைநீக்கம் வரைக்கும் தண்டனைகள் இருக்கின்றன. இவர் விஷயத்தில் குற்றப்பத்திரிகை கொடுத்தார்களா, குற்றமில்லை என்று முடித்தார்களா, எதுவும் முறைப்பாட்டாளருக்குச் சொல்லப்படவில்லை. அவர் போன இடத்திலும் கடைகள் இருக்கின்றன, அங்கேயும் தனியாகக் கடை நடத்துகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிழை செய்தவரை வன்னிக்கு மாற்றுகிற பழக்கத்தைப் பற்றி நாங்கள் காலங்காலமாகக் குறை சொல்லி வந்திருக்கிறோம். அதையே வன்னிக்குள் ஒரு சபையில் இருந்து இன்னொரு சபைக்குச் செய்தால் அது நீதியாகிவிடுமா?

அவர் பக்கத்தையும் யோசிக்காமல் இதை எழுதவில்லை. விசாரணை முடிந்து குற்றமில்லை என்று வந்திருந்தால் அதை எழுத்தில் பெறும் உரிமை அவருக்கும் இருக்கிறது. இப்போது ஊரில் ஒரு பாதி அவர் பிழை செய்து மாட்டிக்கொண்டார் என்கிறது, மறு பாதி எங்களைத்தான் பொறாமையில் கடிதம் போட்டவர்கள் என்கிறது. முடிவைச் சொல்லாமல் விட்டால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். எங்கள் பக்கத்தில் மொட்டைக் கடிதத்துக்குக் குறைவே இல்லை. காணிச் சண்டை, சாதிக் கோபம், பதவி உயர்வுப் போட்டி, எல்லாவற்றுக்கும் ஒரு மொட்டைக் கடிதம் போகும், அதில் நல்ல உத்தியோகத்தர்களும் அலைக்கழிந்திருக்கிறார்கள். அதனால்தான் நாங்கள் பெயர், முகவரி, கையெழுத்து போட்டுக் கொடுத்தோம். பெயர் போட்டுக் கொடுக்கிறவரைச் சபை பாதுகாத்தால் மொட்டைக் கடிதம் தானாகக் குறையும்.

சபை ஊழியர் எல்லாரும் இப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 டிசம்பரில் இரணைமடு வான் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, லீவு நாள் என்று பாராமல் உழவு இயந்திரத்தில் வந்து சனத்தை ஏற்றியவர்களிலும், வடிந்த பிறகு கிணறு இறைக்க நின்றவர்களிலும் சபைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அதுவும் கடமை நேரத்துக்கு வெளியேதான். அந்த மனிதர்களை ஊர் இப்பவும் பெயர் சொல்லிக் கும்பிடுகிறது. வேலை நேரத்துக்கு வெளியே செய்த நன்மை சபைக்குப் பெருமை சேர்த்தால், வேலை நேரத்துக்கு வெளியே சபையின் பெயரைக் காட்டிச் செய்த தீமைக்கும் சபை பதில் சொல்லத்தான் வேண்டும்.

தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அதற்குப் பிறகு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினரே இல்லாமல் செயலாளர்களின் கையில்தான் சபைகள் இருந்தன. மாகாண சபையும் 2018 ஒக்டோபரில் இருந்து இல்லை, ஆளுநர்தான். இப்படிக் கேட்க ஆளில்லாத காலத்தில் வளர்ந்த பழக்கங்கள் இவை. இப்போது வட்டார உறுப்பினர் இருக்கிறார், மாதக் கூட்டம் இருக்கிறது. உறுப்பினருக்கு ஊழியரைத் தண்டிக்கிற அதிகாரம் இல்லை, இருக்கவும் கூடாது, இருந்தால் கட்சி பார்த்துத் தண்டிப்பார்கள். ஆனால் முறைப்பாட்டு நடைமுறை எங்கே என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு: கடிதத்தில் கோபத்தை எழுதாதீர்கள், திகதி, நேரம், இடம், சொன்ன வசனம், பார்த்தவர்கள், இவை போதும். அவர் தன் பதவியை எப்படிக் காட்டினார் என்பதைத் தனி வசனமாக எழுதுங்கள், "அது லீவு நேரம்" என்ற பதிலுக்கு அதுதான் மறுமொழி. நேரில் கொடுத்தால் பிரதியில் திகதியும் பதிவிலக்கமும் வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள். உதவி ஆணையாளருக்குப் பிரதி போகிறது என்பதைக் கடிதத்தின் அடியில் எழுதுங்கள். போன் வந்தால் திகதி நேரத்தைக் குறித்து, அதையும் இரண்டாவது கடிதமாகக் கொடுங்கள். பெண்கள் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் இப்போதைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன், 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தில் இருந்து இருக்கிறார், அவருக்கும் எழுதலாம்.

தங்கச்சியின் அனுமதிப்பத்திரம் ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டது, வேறொருவர் வந்து பார்த்தார், கட்டணத்துக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பழைய கணக்கும் அன்று எடுத்த சாமான்களின் காசும் இன்னும் கொப்பியில் இருக்கின்றன. ஊழியருக்கு எதிரான முறைப்பாட்டுக்கு எழுத்தில் ஒரு நடைமுறை, கடிதம் ஏற்கிறவர் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது என்ற ஏற்பாடு, முடிவை இரு தரப்புக்கும் அறிவித்தல், இந்த மூன்றையும் கேட்டு எங்கள் வட்டார உறுப்பினர் அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பிரேரணை கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் என்ன முடிவாகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். மூன்றில் ஒன்றையாவது செய்தால் மதிப்பெண்ணையும் கூட்டுவேன்.